கூடுதல் வெளிச்சமா, சரியான வெளிச்சமா? – ஹெட்லைட் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மழைக்காலம் நெருங்கினால் இந்தப் பகுதிக்கு ஹெட்லைட் கேள்விகள் வந்து குவியும். சேலத்தில் என் ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறையிலும் இதே கதைதான். ஆகவே இந்த இதழில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: ஐயா, வணக்கம். என்னிடம் இருப்பது 2010ஆம் ஆண்டு ஸ்விஃப்ட். தர்மபுரியில் இருந்து சேலத்துக்கு அடிக்கடி இரவில் வருகிறேன். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது சாலை ஓரமே தெரிவதில்லை. ஒரு கடைக்காரர் 100/90 வாட் பல்ப் போடச் சொல்கிறார். இன்னொருவர் எல்.இ.டி. பல்ப் மாட்டினால் பகல் போல இருக்கும் என்கிறார். எதைப் போடலாம்?
– வாசகர், தர்மபுரி

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். உங்கள் வண்டிக்குக் கிடைக்க வேண்டிய வெளிச்சம் வழியில் எங்கே தொலைகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

உங்கள் காரில் இருப்பது எச்4 என்ற வகை ஹாலஜன் பல்ப். ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். 13.2 வோல்ட் கிடைத்தால் பிரைட்டில் சுமார் 1,650 லூமெனும் டிம்மில் சுமார் 1,000 லூமெனும் தரும் (லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு). அந்த வோல்ட் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வையுங்கள். பிறகு பல்ப் மாட்டியிருக்கும் நிலையிலேயே ஹோல்டரின் பின்பக்கம் முள்ளைச் செருகி அளந்து பாருங்கள். அண்மையில் என்னிடம் வந்த ஒரு பழைய காரில் பேட்டரியில் 14.1 வோல்ட் இருந்தது. பல்புக்கு வந்து சேர்ந்தது 12.3. நடுவில் 1.8 வோல்ட்டை டிம்–பிரைட் சுவிட்சும், பச்சை பூத்த கனெக்டரும், துருவேறிய எர்த் போல்ட்டும் பங்கு போட்டுக்கொண்டன. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் மளமளவென்று சரியும். பத்து சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் ஏறத்தாழ முப்பது சதவீதம் வெளிச்சம் போய்விடும். அந்தக் காரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிச்சம் வயரிலேயே செத்துப்போயிருந்தது.

இதற்கு மருந்து ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்சார சுவிட்ச். பேட்டரியில் இருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த வயர் ஒன்றை நேராக விளக்குக்கு இழுத்து, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே போட வேண்டும். பழைய சுவிட்ச் ரிலேயை இயக்குவதற்கு மட்டும் பயன்படும்; பல்பின் கரண்ட் அதன் வழியே போகாது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். எர்த்துக்கும் அதே தடிமன் வேண்டும். இதை மறந்துவிட்டு, பாசிட்டிவ் பக்கம் மட்டும் அழகாகச் செய்து கொடுப்பவர்கள் நிறைய உண்டு. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். அதைச் சோதிக்காமல் கடையில் கிடைக்கும் ரெடிமேட் வயர் தொகுப்பை (ஹார்னஸ்) செருகினால் டிம்மும் பிரைட்டும் குழம்பிவிடும். எனவே வயரிங் படித்த எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். கூடவே இரண்டு பல்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். நாள்பட்ட ஹாலஜன் பல்பின் கண்ணாடி உள்ளே கருத்திருக்கும். புதுப் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. கை எண்ணெய் ஒட்டிய இடம் அதிகமாகச் சூடாகிப் பல்ப் சீக்கிரம் போய்விடும்.

இனி 100/90. டிம்மில் 55 வாட்டுக்கு ஒரு பல்ப் 4.6 ஆம்பியர் இழுக்கும். 90 வாட்டுக்கு 7.5 ஆம்பியர். வயரில் பிறக்கும் சூடு கரண்டின் இருமடி விகிதத்தில் ஏறுவதால் அதே வயர் இரண்டரை மடங்குக்கும் மேல் சூடாகிறது. ஹோல்டர் பழுப்பேறி, பிறகு உருகி, பல்பின் காலோடு ஒட்டிக்கொண்டு வெளியே வருவதை நான் பல முறை பிரித்து எடுத்திருக்கிறேன். உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சும் கருகிவிடும். அப்புறம் எந்தப் பல்ப் போட்டாலும் பயனில்லை.

எல்.இ.டி. பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். பழைய எச்4 பல்ப் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் தெரியும். கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடும். அதனால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, சாலையை நோக்கித் தாழ்ந்து விழுகிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்தக் கிண்ணத்தின் ஒரு ஓரம் 15 டிகிரி சாய்த்து வெட்டப்பட்டிருக்கும். இடது ஓரம் நடந்து போகிறவர்மீது மட்டும் வெளிச்சம் கொஞ்சம் மேலேறித் தெரிவது அதனால்தான். இத்தனை ஏற்பாடும் இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் நம்பியிருக்கிறது. எல்.இ.டி. பல்பில் இழைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் தட்டையாக ஒட்டிய சில்லுகள். அளவு வேறு, இடம் வேறு, வெளிச்சம் கிளம்பும் திசையும் வேறு. காருக்கு முன்னால் பத்து மீட்டர் தூரம் பளிச்சென்று வெள்ளையாகும், ஓட்டுபவர் மகிழ்ந்துவிடுவார். அந்தப் பளிச்சில் கண்ணின் பாவை சுருங்கிவிடுவதால் எண்பது மீட்டருக்கு அப்பால் இருப்பது முன்னைவிடக் குறைவாகத் தெரியும். தொப்பூர் இறக்கத்தில் உங்களுக்கு வேண்டியது அந்த எண்பது மீட்டர்தான். சிதறிய மிச்ச வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும்.

எல்.இ.டி. விளக்கே கெட்டது என்று சொல்லவில்லை. எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த முழு ஹெட்லைட் அருமையான பொருள். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டருக்குள் அந்தப் பல்பைச் செருகுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். நீல நிறம் பூசிய ஹாலஜன் பல்பும் வேண்டாம். அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது.

கடைசி வேலைக்குக் காசே செலவில்லை. டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சமதளத்தில் ஒரு சுவருக்கு நேர் எதிரே பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். தரையில் இருந்து பல்பின் மையம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் டேப் ஒட்டுங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்த டேப்புக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். மேலே போனால் எதிராளிக்குக் கூசும். அதிகம் கீழே போனால் உங்களுக்குச் சாலை தெரியாது. இதைச் செய்யும்போது ஸ்டியரிங் அருகே உள்ள லெவல் திருகு பூஜ்யத்தில் இருக்கட்டும். பின்னால் ஆளும் மூட்டையும் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அந்தத் திருகு அப்போதைக்குத்தான்.

ரிலே, புதிய 60/55 பல்ப், சுவர் அளவு: இந்த மூன்றையும் முடித்துவிட்டு ஒருமுறை தொப்பூர் இறங்கிப் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: அண்ணா, நாங்கள் ஒஸ்லோவில் இருக்கிறோம். 2009ஆம் ஆண்டு வால்வோ வி70 ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினோம். ஸினான் விளக்கு (இழை இல்லாமல், வாயுவில் மின்சாரம் பாய்ந்து ஒளிரும் வகை). பம்பரில் இருந்து வெளியே வந்து ஹெட்லைட்டுக்குத் தண்ணீர் அடிக்கும் வாஷரில் வலப்பக்கம் வேலை செய்வதில்லை. இங்கே கராஜில் கேட்ட கூலி அதிகம். இதைக் கழற்றிவிட்டு ஓடினால் என்ன? ஊரில் எந்தக் காரிலும் இதை நான் பார்த்ததில்லையே.
– வாசகி, நார்வே

பதில்: கழற்றாதீர்கள், தங்கச்சி. உங்கள் ஊரில் அது அலங்காரப் பொருள் கிடையாது.

பனிக்காலத்தில் உருகிய பனியும் உப்பும் மண்ணும் சேர்ந்த சேறு முன் வண்டியின் சக்கரத்தில் இருந்து கிளம்பி உங்கள் விளக்கில் அப்புகிறது. அது வெளிச்சத்தைக் குறைப்பது பாதிப் பிரச்சினைதான். சேற்றின் ஒவ்வொரு துகளும் தன்மேல் படும் வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறடிக்கும். தாழ்ந்து விழ வேண்டிய வெளிச்சம் மேலே ஏறி எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கும். விளக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு கேடு. உங்கள் 35 வாட் ஸினான் பல்ப் 3,000 லூமெனுக்குமேல் தரக்கூடியது. ஹாலஜன் டிம்மைப் போல இரண்டு, மூன்று மடங்கு. இதனால்தான் ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 48ஆம் ஒழுங்குமுறை, டிம் விளக்கின் ஒளிமூலம் 2,000 லூமெனைத் தாண்டினால் விளக்கைக் கழுவும் கருவியும், சுமைக்கு ஏற்பத் தானாகத் தாழும் ஏற்பாடும் கட்டாயம் என்கிறது. பிறகு 2,000 லூமெனுக்குள் அடங்கும் 25 வாட் ஸினான் பல்புகள் வந்தன. அந்த விளக்கு உள்ள கார்களில் வாஷர் இல்லாமல் போனதன் காரணம் இதுவே.

உங்கள் பக்கத்து நாடான சுவீடன் இதில் முன்னோடி. 1970களின் தொடக்கத்திலேயே ஸாப் நிறுவனம் தன் 99 மாடலில் ஹெட்லைட்டுக்கென்று குட்டி வைப்பர் வைத்துவிட்டது. அன்று விளக்கின் முகப்பு நிஜக் கண்ணாடி. பின்னாளில் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் வந்ததும் வைப்பர் தேய்த்தால் கீறல் விழும் என்பதால் அழுத்தமாகத் தண்ணீர் பீச்சும் முறைக்கு மாறினார்கள்.

இனி உங்கள் பழுது. இடப்பக்கம் வேலை செய்கிறது என்றால் பம்பும் ஃபியூஸும் ரிலேயும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். எனவே பம்பை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மீதி இருப்பவை குழாயும், வெளியே வரும் உருளையும்தான். பம்பரில் உள்ள மூடியை விரலால் பிடித்து மெல்ல வெளியே இழுங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது; விட்டால் தானாக உள்ளே போக வேண்டும். இழுக்கவே வரவில்லை என்றால் உப்பும் மண்ணும் இறுகி உருளை சிக்கியிருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, சில முறை இழுத்து விட்டு, காய்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். நன்றாக இழுபடுகிறது, ஆனால் தண்ணீர் தள்ளவில்லை என்றால், குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் கழன்றோ வெடித்தோ இருக்கும். வீட்டில் ஒருவரை வாஷரை இயக்கச் சொல்லிவிட்டுப் பம்பருக்கு அடியில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். கோடைக்கால நீர் டேங்கில் மிஞ்சி, முதல் உறைபனியில் கட்டியாகிக் குழாயைப் பிளந்திருக்க வாய்ப்பு அதிகம். இலையுதிர் காலத்திலேயே மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே உறையாத வாஷர் திரவத்தை ஊற்றி, அது குழாய் முழுக்கப் போகும்வரை பீச்சிவிட வேண்டும்.

இன்னொன்று. வால்வோவில் ஒவ்வொரு முறையும் ஹெட்லைட்டைக் கழுவாது. திரவத்தை மிச்சம் பிடிக்க ஐந்து முறைக்கு ஒரு முறைதான் கழுவும். டேங்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர் மிஞ்சும்போது முன் கண்ணாடிக்காக அதைச் சேமித்துக்கொண்டு ஹெட்லைட்டுக்குத் தருவதை நிறுத்திவிடும். சோதிக்கும் முன் டேங்கை நிரப்புங்கள். ஸினான் பல்பின் பின்பக்கம் மட்டும் கை வைக்க வேண்டாம். பற்றவைக்கும் கணத்தில் அங்கே 20,000 வோல்ட்டுக்குமேல் பாயும்.

கழற்றினால் வேறொரு சங்கடமும் உண்டு. ஐரோப்பிய வாகனச் சோதனை நெறியில் ஸினான் விளக்குள்ள வண்டியில் கழுவும் கருவி வேலை செய்யாதது பெருங்குறையாகக் கணக்கில் எடுக்கப்படும். டிசம்பரில் ஆறு மணி நேரமே பகல் இருக்கும் ஊரில் அது நியாயமான விதி என்றே நினைக்கிறேன்.

கேள்வி: என் போலேரோவில் எச்.ஐ.டி. (ஸினான்) கிட் போட்டிருக்கிறேன். எதிரே வருபவர்கள் எல்லாம் பிரைட் அடித்துத் திட்டுகிறார்கள். வெளிநாட்டில் இந்த விளக்குக்கு வாஷர் கட்டாயம் என்று கேள்விப்பட்டு, சென்னை புதுப்பேட்டையில் ஒரு ஜெர்மன் காரின் வாஷர் செட்டை வாங்கி வந்தேன். இதை மாட்டிவிட்டால் சட்டப்படி சரியாகிவிடுமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஆகாது, தம்பி. அவர்கள் திட்டுவதற்குக் காரணம் உங்கள் விளக்கில் உள்ள அழுக்கு இல்லை. ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் அதற்கு உரியதல்லாத வெளிச்சம் எரிகிறது. எத்தனை சுத்தமாகக் கழுவினாலும் சிதறல் அப்படியேதான் இருக்கும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது விளிம்பில் இருந்து அரை மீட்டர் தள்ளி, தரையில் இருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள ஒருவரின் கண் கூசக் கூடாது என்கிறது. எண்ணிப் பாருங்கள், அந்த இடத்தில் வருவது யார்? பால் கேனைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் வரும் ஒருவர். அவர் கண் இருண்ட அந்த இரண்டு மூன்று நொடிக்கு அவர் வண்டி எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது. உங்கள் போலேரோவின் விளக்கு உயரத்தில் இருப்பதால் கொடுமை இன்னும் அதிகம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதையும் தடுக்கிறது. முதலில் அந்தக் கிட்டைக் கழற்றிவிட்டுப் பழைய ஹாலஜனைப் போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

அதன்பின் வாஷரை மாட்டியே ஆக வேண்டும் என்றால் செய்யலாம், ஆனால் வேலை பெரிது. கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் பம்ப் இதற்குப் போதாது. ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு உருளை வெளியே வர அந்த செட்டுக்கு உரிய பம்பே வேண்டும். அதற்குத் தனி ஃபியூஸ், தனி ரிலே. ஹெட்லைட் எரியும்போது மட்டும் வேலை செய்யும்படி ரிலேயின் தூண்டு கம்பியை விளக்கில் இருந்து எடுங்கள். இந்த வாஷர் ஒரு பீச்சிலேயே நிறையத் தண்ணீர் குடிக்கும், எனவே டேங்க் பெரிதாக வேண்டும். பம்பரில் ஓட்டை போடும் முன், ஏர்பேக் உள்ள வண்டியானால் அதன் சென்சார் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாசிலின் குறி விளக்கின் முழுப் பரப்பிலும் இருக்கக் கூடாது. வெளிச்சம் அதிகம் வெளிவரும் நடுப்பகுதியில் தண்ணீர் மோத வேண்டும். நாமக்கல் போர்வெல் தண்ணீரை ஊற்றவே கூடாது. காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி நிற்கும், கழுவியதே அழுக்காகிவிடும்.

உண்மையைச் சொன்னால், நம் பக்கத்து அழுக்குக்கு இந்தக் கருவி பொருந்தாது. மழை முடிந்த மாலையில் ஈசல் கிளம்பும் நேரம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் விளக்கு முழுக்க இறக்கையும் பிசினும் ஒட்டிக்கொள்ளும். ஹாலஜன் சூட்டில் அது அப்பளம் போலக் காய்ந்துவிடும். ஒரு நொடி பீச்சும் தண்ணீருக்கு அது அசையாது. ஈரத்துணியை விளக்கின்மேல் ஐந்து நிமிடம் போர்த்தி ஊறவைத்து, பிறகு மெல்லத் துடைத்தால் முழுதாக வந்துவிடும். வண்டியில் ஒரு பாட்டில் தண்ணீரும் மென்மையான துணியும் வைத்துக்கொள்ளுங்கள். டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் துடையுங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ தொட்டுத் துடைக்காதீர்கள். பாலிகார்பனேட்டில் நுண்ணிய வெடிப்புகள் விழும்.

கேள்வி: ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. பற்பசை தேய்த்தால் போகும் என்கிறார்களே?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பளபளப்பு வரும், தங்காது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மேல்பூச்சு தேய்ந்ததால்தான் மஞ்சளானது. 800, 1500, 2000 எண் தண்ணீர்த்தாளால் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் யு.வி. தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். அந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதத்திலேயே திரும்ப மஞ்சளாகும். உள்பக்கம் மங்கியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது வெளிநாட்டில் இருந்து வந்த பழைய விளக்கு மலிவாகக் கிடைத்தாலும், வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்ததா என்று பாருங்கள். அதன் வெளிச்சம் வலப்பக்கம் மேலேறும். நம் சாலையில் அங்கேதான் எதிர் வண்டி வரும்.

கேள்வி: ஐயா, நான் பள்ளி ஆசிரியை. மாலை வகுப்பு முடித்துத் தென்காசியில் இருந்து காரில் திரும்பும்போது எதிர் விளக்குகளால் கண் இருண்டுவிடுகிறது. இரவுக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடி அணியலாமா?
– வாசகி, கடையநல்லூர்

பதில்: வேண்டாம் அம்மா. அது எதிர் வெளிச்சத்தைக் குறைப்பது போலவே, இருட்டில் வரும் ஆளின் வெளிச்சத்தையும் குறைத்துவிடும். முன் கண்ணாடியின் உட்புறத்தை முதலில் துடையுங்கள். டேஷ்போர்டில் இருந்து கிளம்பும் ஆவி அங்கே மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிந்திருக்கும். பகலில் தெரியாது, எதிரே விளக்கு வந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிடும். வண்டி எதிரே வரும்போது அதன் விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். பின்னால் பார்க்கும் உள்கண்ணாடிக்கு அடியில் உள்ள சின்ன லீவரைத் தள்ளினால் பின்னால் வரும் விளக்கின் கூச்சமும் அடங்கும். இதற்குப் பிறகும் எதிர் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தால் காரை விட்டுவிட்டுக் கண் மருத்துவரைப் பாருங்கள். கண்புரையின் தொடக்கத்திலும் அப்படித் தெரியும்.